இணையத்தளக் கல்வியும் கொக்கிளாயின் தேவையும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் இளைஞர் யுவதிகளுக்கு இணையத்தளமொன்றைத் திட்டமிட்டு, வடிவமைத்து, உருவாக்கக் கற்றுக்கொள்வது இன்று எட்டாக்கனியல்ல. கல்விப் பொதுத் தராதர உயர்தரத்தின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் அது ஓர் அலகாகவே இடம்பெறுகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தேசிய தொழிற் தகைமைச் சட்டகத்தின் கீழ் தகவல் தொழில்நுட்பப் பயிற்சியை வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அதே அறிவியல் நகரில் இயங்குகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்த நிறுவனம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டு, தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்கி வருகின்றது.

இப்பிரதேசத்தின் கடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய மாற்றமல்ல. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து, புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்நுட்பவியலாளர்களின் ஆதரவுடன் வன்னிரெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் கிளிநொச்சியில் கணினிக் கல்வியை வழங்க முற்பட்டது. 2008 இல் அந்நகரமே இடம்பெயர்ந்தபோது அம்முயற்சியும் அற்றுப்போனது. அன்றைய மாணவர்களுக்கு மின்சாரமே அரிதாக இருந்தது. இன்றைய மாணவர்களின் கைகளில் திறன்பேசி இருக்கின்றது. கருவியும் ஆசிரியரும் பாடத்திட்டமும் கிடைத்திருக்கும் இவ்வேளையில், இக்கல்வியால் உருவாகும் இணையத்தளங்கள் யாருக்குப் பயன்படப் போகின்றன என்ற கேள்வியை எழுப்புவது அவசியமாகின்றது.

இக்கேள்வியை முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில் உள்ள கொக்கிளாயில் நின்று கேட்பதே பொருத்தம். கரைதுறைப்பற்று பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த இக்கடலோரக் கிராமத்தின் மக்கள் 1984 ஆம் ஆண்டின் இறுதியில் இடம்பெயர்ந்து, 2009 இல் போர் முடிவடைந்த பின்னரே தமது மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. ஒரு முழுத் தலைமுறை தனது ஊரைக் காணாமலே வளர்ந்தது. இன்று இணையத்தில் கொக்கிளாய் என்ற பெயரைத் தேடுபவருக்குக் கிடைப்பவை காணிப் பிணக்குகள், முகத்துவார மீன்பிடி தொடர்பான முரண்பாடுகள், 2023 இல் அயற்கிராமமான கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கும் பணியின்போது வெளிப்பட்ட மனிதப் புதைகுழி பற்றிய செய்திகள், 1951 இல் பிரகடனப்படுத்தப்பட்ட பறவைகள் சரணாலயம் பற்றிய குறிப்புகள் என்பனவே. இவற்றுள் பெரும்பாலானவை வெளியில் இருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியவை. ஊரவர் தாமே தொகுத்து, தமது அன்றாடத் தேவைக்காகப் பேணும் தகவல் அரிது.

கல்லூரிகளின் இணையத்தளப் பாடநெறி பொதுவாக மூன்று படிகளைக் கொண்டது. தளம் யாருக்காக, எந்நோக்கத்திற்காக என்பதை ஆராய்ந்து உள்ளடக்கத்தை வகுப்பது முதற்படி. பக்கங்களின் அமைப்பையும் தோற்றத்தையும் வரைவது இரண்டாம் படி. எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., பி.எச்.பி. போன்ற மொழிகளைக் கொண்டு கட்டியெழுப்பிப் பரிசோதிப்பது மூன்றாம் படி. பரீட்சைக்குரிய புள்ளிகளும் மாணவரின் ஆர்வமும் மூன்றாம் படியிலேயே குவிகின்றன. திட்டமிடல் என்பது அறிக்கையின் முதலிரு பக்கங்களை நிரப்பும் சம்பிரதாயமாகிவிடுகின்றது. இல்லாத ஹோட்டலுக்கும் கற்பனைக் கடைக்கும் தளம் அமைத்து, புள்ளி பெற்று, பின்னர் அதை மறந்துவிடுவது நமது கல்வி மரபில் புதிதல்ல.

உலகளாவிய வலையே ஒரு பணியிடத்தின் நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். 1989 இல் சேர்ண் ஆய்வகத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ முன்வைத்த யோசனை, அங்கு பணியாற்றிச் செல்வோருடன் தகவல்களும் தொலைந்துபோவதை எவ்வாறு தடுப்பது என்ற சிக்கலுக்கான விடையாகவே அமைந்தது. 1993 ஏப்ரலில் சேர்ண் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. தகவல் தொலைந்துபோவதன் விலையை வன்னி மக்களைவிட நன்கறிந்தவர்கள் இருக்க முடியாது. காணி உறுதி, பாடசாலைப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் புகைப்படம் என அவர்கள் இழந்தவை ஏராளம்.

கொக்கிளாய்க்கென ஒரு தளத்தைத் திட்டமிடுமாறு மாணவர் குழுவொன்றுக்குப் பணித்தால் அவர்கள் முதலில் சந்திக்கப்போவது கணினிச் சிக்கலை அல்ல. வாசகர் யார் என்ற கேள்வியே முதலில் எழும். விடியற்காலையில் கடலுக்குச் செல்பவருக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை, விளங்கும் தமிழில், ஒரே பார்வையில் தெரியவேண்டும். காணி அனுமதிப்பத்திரத்திற்கு விண்ணப்பிப்பவருக்கு எந்த அலுவலகத்திற்கு, எந்த நாளில், எந்த ஆவணங்களுடன் செல்வது என்பது தெரியவேண்டும். கனடாவிலோ பிரான்சிலோ வாழும் ஊரவருக்குப் பாடசாலையின் தேவைகள் தெரியவேண்டும். இம்மூவரும் ஒரே பக்கத்தை ஒரே விதமாக வாசிக்கமாட்டார்கள்.

முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரையிலும் இத்தேவை குறைந்ததன்று. கொக்கிளாய்க் களப்பு முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது. அதன் தென்புறத்தில் குச்சவெளி பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த புல்மோட்டை அமைந்துள்ளது. களப்பின் வளமும் முகத்துவாரத்தின் நிலையும் கனிய மணல் அகழ்வின் விளைவுகளும் இரு கரையினரையும் ஒருங்கே பாதிப்பவை. ஆயினும் மாவட்டமும் மாகாணமும் வேறாகையால் இரு கரைகளின் தகவல்களும் வெவ்வேறு அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றை இணைக்கும் பாலமோ இன்னமும் கோரிக்கையாகவே பேசப்படுகின்றது. மறுபுறத்தில், 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றன. தண்ணீரூற்றிலோ நீராவிப்பிட்டியிலோ தமக்கிருந்த காணி பற்றியும் மீள்குடியேற்ற உதவிகள் பற்றியும் அறிய அவர்கள் ஒவ்வொரு தடவையும் பேருந்தேறி வரவேண்டியிருப்பது நியாயமாகாது.

தகவல் உரிய வேளையில், உரிய மொழியில், உரியவரைச் சென்றடையாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்மைய உதாரணமொன்று உண்டு. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கர் காணி தொடர்பாக 2025 மார்ச் 28 ஆம் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியிடப்பட்டது. உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் அதனை முன்வைக்காவிடில் அக்காணிகள் அரசுக்குரியவையாகக் கொள்ளப்படலாம் என்பதே அதன் சாரம். போரில் ஆவணங்களை இழந்தவர்கள், வெளிநாடுகளில் அகதிகளாக வாழ்பவர்கள், அறிவித்தல் வெளியானதையே அறியாதவர்கள் ஆகியோருக்கு மூன்று மாதங்கள் எம்மாத்திரம்? மக்கள் பிரதிநிதிகளின் எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கும் பின்னரே அந்நடவடிக்கை நின்றது. அந்த வர்த்தமானி இணையத்தில் இருக்கவே செய்தது. ஆனால் எந்தக் கிராமம், எந்தக் காணி, எந்தத் திகதிக்குள் என்பதைக் குடிமக்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துச்சொல்லும் பக்கம் எவருக்கும் ஆயத்தமாக இருக்கவில்லை. பயிற்சி பெற்ற மாணவர் குழு ஒன்றுக்கு அத்தகைய பக்கத்தை அமைப்பது ஒருசில நாள் வேலை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்காமலே தகவல்களை வெளியிடும் கடமையையும் அரச நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளது. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பதும் அரசியலமைப்பின் ஏற்பாடு. சட்டத்தில் இருப்பதைத் திரையில் காண வைக்கும் திறனே இப்போது தேவைப்படுகின்றது.

தமிழில் தளம் அமைப்பதென்பது ஆங்கிலத் தளத்தின் சொற்களை மாற்றுவதுடன் முடிவதில்லை. தமிழ் இணையம் இளமையிலேயே தொடங்கிய ஒன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 இலேயே தமிழ் இணையப் பக்கங்கள் உலகின் முன் வைக்கப்பட்டன. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் நமது நாட்டின் தமிழ்த் தளங்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே வெளியாகின. வாசகரின் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தவை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே இருந்தன. தேடுபொறிகளால் அவற்றைக் கண்டறிய முடியாமற்போயிற்று. ஒருங்குறி பரவலாகிய பின்னரே அக்குறை நீங்கியது. ஆனால் பழைய குறியேற்றத்தில் எழுதப்பட்டு மாற்றப்படாத பக்கங்கள் தேடலுக்கு எட்டாமலே போயின. போர்க்காலச் சான்றுகளைப் பொறுத்தவரை இது ஈடுசெய்ய இயலாத நட்டம்.

இன்றைய மாணவர் ஒருங்குறியில் எழுதுகின்றார் என்றாலும் வேறு சிக்கல்கள் எஞ்சியுள்ளன. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் அடங்கும் பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது. வரிகளுக்கிடையே போதிய இடம் விடாவிட்டால் கொம்பும் விசிறியும் ஒன்றோடொன்று முட்டும். பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிப்பிடாவிட்டால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத் தவறாக உச்சரிக்கும். அறிவித்தலைப் படமாக ஒட்டிவிட்டால் அதில் எதையும் தேடமுடியாது. 2010 இல் '.இலங்கை' என்ற தமிழ் உயர்மட்ட ஆள்களப் பெயரும் நமது நாட்டுக்குக் கிடைத்துள்ளது. அதைப் பயன்படுத்தும் தமிழ் நிறுவனங்களோ மிகச் சிலவே. ஆங்கில வார்ப்புருக்களை மட்டும் பழகிய மாணவர் இவற்றை உணர வாய்ப்பில்லை. தமிழ் உள்ளடக்கத்துடன் மல்லுக்கட்டியவரே உணர்வார்.

இங்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று எழலாம். இளைஞர்கள் இக்கல்வியை நாடுவது தொழிலுக்காக. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள நிறுவனங்கள் ஊதியம் வழங்கும், கொக்கிளாய்க் கடற்றொழிலாளர் சங்கத்தால் வழங்க முடியுமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆங்கிலமும் இணைய இணைப்பும் போக்குவரத்து வசதியும் இன்றி இத்துறையில் முன்னேற முடியாது என்பதும் உண்மையே. எனினும் தொழில் வழங்குநர் சான்றிதழுடன் செய்து காட்டிய வேலையையும் கேட்கின்றார். உண்மையான பயனாளரிடம் சென்று, அவர் தேவையைக் கேட்டறிந்து, அவர் குறைகூற, திருத்தி, மீண்டும் காட்டி முடித்த ஒரு தளம் கற்பனைக் கடைகள் பத்தைவிடப் பெறுமதியானது. செயற்கை நுண்ணறிவு சில நிமிடங்களில் நிரலை எழுதித்தரும் இக்காலத்தில் நிரலாக்கத் திறனின் சந்தைப் பெறுமதி முன்போல் இருக்கப்போவதில்லை. கரைவலைப்பாட்டின் உரிமையாளருக்கும் கூலிக்கு வலை இழுப்பவருக்கும் தேவைப்படும் தகவல் வேறுவேறு என்பதை அறிய ஊருக்குச் சென்று கேட்டவர் வேண்டும். திட்டமிடலைக் கற்றவருக்கே எதிர்காலம் உண்டு என நாம் கருதுவது இதனாலேயே.

அதேவேளை, ஆர்வத்தில் தொடங்கி ஆதரவின்றிக் கைவிடப்படும் தளம் இல்லாததைவிடத் தீங்கானது. காலாவதியான தொலைபேசி இலக்கமும் கடந்த வருடத்தின் முடிவுத் திகதியும் மக்களை அலைக்கழிக்கும். ஆள்களப் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கும் வழங்கிக்கும் பணம் தேவை. மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதும் திட்டமிடலின் பகுதியே. காணி உரிமையாளரின் விபரங்களையும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் பற்றிய தகவல்களையும் பொதுவெளியில் இடுவது ஆபத்தானது. 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாடத்திட்டத்தில் பெயரளவில் இடம்பெறுவது போதாது. எதை வெளியிடாமல் விடுவது என்பதையும் மாணவர் கற்கவேண்டும்.

ஆகவே, வன்னியின் கல்வி நிறுவனங்கள் தமது இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் ஒரு பகுதியையேனும் இப்பிரதேசத்தின் உண்மையான தேவைகளுக்கென ஒதுக்கவேண்டும். திட்டமிடலுக்கும் பயனாளர் ஆய்வுக்கும் கணிசமான புள்ளிகள் வழங்கப்படல் வேண்டும். 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மக்கள் பிரதிநிதிகளுடன் மீண்டும் இயங்கும் பிரதேச சபைகள், தளங்களைப் பொறுப்பேற்று இற்றைப்படுத்த ஓர் உத்தியோகத்தரையும் சிறு நிதியையும் ஒதுக்கமுடியும். முல்லைத்தீவு, மாங்குளம் வழியாக அறிவியல் நகருக்குச் செல்லவேண்டிய கொக்கிளாய் மாணவிக்கு விடுதி வசதி இல்லையேல் பாடநெறி இலவசமாக இருந்தும் பயனில்லை என்பதை அதிகாரிகள் கருத்திற்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொக்கிளாயின் தமிழ் மாணவர்களும் புல்மோட்டையின் முஸ்லிம் மாணவர்களும் ஒரே குழுவாக அமர்ந்து களப்பின் இரு கரைகளுக்குமான பொதுத் தளமொன்றைத் திட்டமிடும் வாய்ப்பை ஏதேனும் ஒரு நிறுவனம் ஏற்படுத்திக் கொடுக்குமாயின், அது வரவேற்கப்படவேண்டிய முன்மாதிரியாக அமையும். மீன்வளம் குறைவது பற்றியும் கடலரிப்புப் பற்றியும் இரு தரப்பினரும் சேகரிக்கும் தகவல் ஒரே பக்கத்தில் அருகருகே இடம்பெறும்போது, ஒருவர் மீது மற்றவர் கொண்டுள்ள சந்தேகங்களிற் சிலவேனும் தெளியும். பாலம் அமைப்பதற்குக் கொழும்பின் அனுமதியும் பெருநிதியும் வேண்டும். இப்பணிக்கு ஒரு விரிவுரையாளரின் அக்கறையும் இரு பிரதேச சபைகளின் இணக்கமும் போதுமானவை. அடுத்த கல்வியாண்டுக்கான செயற்றிட்டங்களைத் தெரிவுசெய்யும் வேளையில் பொறுப்பிலுள்ளோர் இதனைக் கவனத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.