யார் கையில் பேனா?

மும்பையில் 2011 ஜூன் மாதம், மூத்த குற்றச்செய்தியாளர் ஜே.டே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்கள் கழித்து, அந்த வழக்கில் இன்னொரு செய்தியாளரான ஜிக்னா வோரா கைதானார். நிழலுலக தாதாவுக்குத் துப்புக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். 2018-ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் எழுதிய சிறை அனுபவ நூலை ஒட்டி ஹன்சல் மேத்தா இயக்கிய ஆறு பகுதித் தொடர்தான் ‘ஸ்கூப்’. 2023-ல் நெட்பிளிக்ஸில் வந்தது. அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, ‘நாங்களும் நிருபராகலாமா?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

நல்ல தொடர்தான். காவல்துறை அதிகாரிகளிடம் செய்தி வாங்கி முதல் பக்கத்தில் இடம் பிடித்த ஒரு பெண், ஒருநாள் அதே காவல்துறை சொல்லும் கதைக்கு இரையாகிறார். நேற்றுவரை கூட இருந்த பத்திரிகையாளர்களே, ‘போலீஸ் வட்டாரம்’ சொன்னதை விசாரிக்காமல் அச்சிடுகிறார்கள். தீர்ப்புக்கு முன்பே அவர் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

பார்ப்பவர்கள் பதறுகிறார்கள். ஆனால் இந்தப் பதற்றம் நமக்குப் பழையது. சேரிக்குள் புகுந்து அடித்தால் மறுநாள் செய்தி ‘இரு தரப்பினர் மோதல்’. சாதி மாறிக் காதலித்தவன் வெட்டப்பட்டால் ‘முன்விரோதம்’. யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பது அந்த இரண்டு சொற்களுக்குள் காணாமல் போய்விடுகிறது. நிருபர் காவல்நிலையம்வரை போனார், காலனிவரை வரவில்லை. ஜிக்னா வோராவுக்கு ஒருமுறை நடந்தது, நம் தெருக்களுக்குத் தலைமுறையாக நடக்கிறது.

ஏன் வரவில்லை? ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106-ல் உயர்சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. எது செய்தி, எது செய்தியில்லை என்று முடிவு செய்யும் நாற்காலி அது.

உத்தரப்பிரதேசத்தின் பண்டேல்கண்ட் பகுதியில் 2002-ல் ‘கபர் லஹரியா’ தொடங்கியது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் செய்தி ஏடு. பாலியல் வன்முறை, சட்டவிரோதச் சுரங்கம், வராத மின்சாரம், இல்லாத கழிப்பறை என்று ஊர் ஊராக நடந்து எழுதினார்கள். பிறகு கைப்பேசியைப் பிடித்துக் காணொளிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல்வரை போனது. ஆனால் அந்தப் படம் தங்கள் பணியை முழுமையாகக் காட்டவில்லை, ஒரே கட்சியைப் பற்றி மட்டும் எழுதுபவர்களைப் போலக் காட்டுகிறது என்று அந்தப் பெண்களே அறிக்கை வெளியிட்டார்கள். புகழ்ந்து எடுத்த படத்தையும் கேள்வி கேட்டார்களே, அந்தத் துணிச்சல்தான் பத்திரிகைத் தொழில்.

இது நமக்கு வெளியிலிருந்து வந்த பாடமும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அம்பேத்கர் 1920-ல் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தார். மூவரும் அடுத்தவர் எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை.

எனவே மாணவர்களே, நிருபராகுங்கள். வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஊரில் ஒரு கொடுமை நடந்தால் தேதி, நேரம், இடம், பார்த்தவர் சொன்னது எல்லாவற்றையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. கேட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்டு எழுதுங்கள். நமக்குச் செய்த தவறை நாம் பிறருக்குச் செய்யக் கூடாது.

‘இரு தரப்பினர் மோதல்’ என்று நாளைக்கு ஒரு தலைப்பு வந்தால், அதற்கு மறுப்பாக நீட்ட அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.