ஒலிப்பதிவும் அதனைப் போற்றும் கடமையும்

நம் கலாசாலையில் நிகழும் சொற்பொழிவுகளும், பாடகர் குழுவின் கீதங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்தம் நினைவுரைகளும் இக்காலத்தே கணினியின் துணைகொண்டு எளிதிற் பதிவு செய்யப்படுகின்றன. பதிதல் எளிதாயிற்று, பதிந்ததைப் போற்றி வைத்தலும் எளிதாயிற்றோவெனின், அன்றென்பதே நம் கருத்து.

மாணவர் பலர் வழங்கும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளை உதாரணமாக நோக்குவோம். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் டாமினிக் மஸ்ஸோனி, ராஜர் டானன்பர்க் என்னும் இருவரால் தொடங்கப்பெற்று, 2000-ம் ஆண்டில் வெளியான இது, விலையின்றிக் கிடைப்பது. ஆயின் வட்டின் இடமோ விலையுடையது. வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, மாதிரியொன்றுக்கு 32 பிட் வீதம், ஸ்டீரியோ முறையிற் பதியுங்கால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 21 மெகாபைட்டும், மணிக்கு 1.27 ஜிகாபைட்டும் செலவாகும். அம்மட்டோ? முழுப்பதிவின்மீதும் இரைச்சல் நீக்கம் முதலிய திருத்தமொன்று செய்யுந்தோறும், முன்னைய நிலைக்கு மீளுதற்பொருட்டுப் பழைய ஒலியும் வட்டிலேயே வைக்கப்படும். இங்ஙனம் ஐந்து திருத்தங்கள் செய்தால், ஒருமணிப் பதிவு 7.6 ஜிகாபைட் வரை வளரும். கோபுரங் கட்டக் கருதுவோன் முதலிற் செலவைக் கணக்கிடுதல் வேண்டுமென்னும் உவமையை அறிந்த நாம், பதியத் தொடங்குமுன் வட்டில் எஞ்சிய இடத்தை நோக்காதிருத்தல் தகுமோ? ஒருவர் பேச்சை மட்டும் பதிவதாயின் மோனோ முறையே சாலும், இடமும் பாதியாகும்.

இரண்டாவது இடர், பதிப்புகளின் ஒவ்வாமை. 2021-க்கு முற்பட்ட ஆடாசிட்டியில் திட்டக் கோப்பு ஒன்றும், ஒலித்துண்டுகள் நிறைந்த உறை ஒன்றுமாக இரண்டிருந்தன. கோப்பை மட்டும் பிரதிசெய்து சென்றோர் ஒலியை விட்டுச் சென்றோரேயாவர். 2021 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பு யாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கியது. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். பழைய பதிப்போ புதியதைத் திறவாது.

ஆதலின், திட்டக் கோப்பு பணிக்களமேயன்றிப் பண்டசாலை அன்று என்பதை நாம் வற்புறுத்துகின்றோம். முடிந்த பதிவை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வெளியேற்றி வைத்தலே முறை. வேவ் 1991 முதல் வழங்குவது. அதனைத் திறவாத ஒலி மென்பொருள் அரிது. எனினும் அதன் வழக்கமான கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற் செல்லாது. ஃபிளாக், ஒலியிற் சிறிதும் இழவாது அளவைச் சுருக்குவது. அதன் விதிமுறைகள் யாவர்க்கும் திறந்தவை. எம்பி3 ஒலியின் சில பகுதிகளைக் களைந்தே சுருக்குவதாதலின், அன்பர்க்கு அனுப்புதற்கு ஏற்றதேயன்றி, மூலமாகப் போற்றுதற்கு ஏற்றதன்று.

"வட்டுகள் மலிந்த இந்நாளில் இத்துணைக் கவலை ஏன்?" என்பார் உளர். மலிந்த வட்டும், சொற்பொழிவின் நடுவே நிரம்பிவிடின், பேச்சாளரை மீண்டும் பேசுவிக்க மாட்டாது. திறக்கவியலாத கோப்பை எத்துணைப் பெரிய வட்டும் திறந்து தராது.

ஆண்டிறுதியிற் பொறுப்பை ஒப்புவிக்கும் சங்கக் காரியதரிசிகள், கணக்குப் புத்தகத்தோடு ஒலிப்பதிவுகளையும் ஒப்புவித்தல் நலம். பேசியவர், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து, நூல்நிலையத்தில் ஒன்றும் பிறிதோரிடத்தில் ஒன்றுமாக இரு பிரதிகள் வைக்கப்படுக. மறைந்த ஆசிரியரின் குரலை அவர்தம் மாணவரின் மக்களும் கேட்கக்கூடுமாயின், இச்சிறு உழைப்பு வீண்போகாது.