பசியாறாமல் ஏறிய மலை

“மாமா, இது வாக்கிங் இல்லை, வேகமா ஏறுறது. முடியுமா?” என்று அக்கா மகன் முதலிலேயே கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

செந்தூல்காரனுக்குப் பத்துமலை வாசல்படி மாதிரி. கோமுட்டர் ஏறினால் கடைசி நிறுத்தம். சனிக்கிழமை விடிகாலையில் அந்த 272 படிகளில்தான் பழகினேன். படிக்கு அரை அடி என்று வைத்தால், ஒருமுறை ஏறினால் ஏறக்குறைய 41 மீட்டர் உயரம். மலை ஓட்டக்காரர்கள் ‘செங்குத்துக் கிலோமீட்டர்’ என்று ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,000 மீட்டர் உயர வேண்டும். நம் கணக்குக்குப் பத்துமலையை 24 தடவை! நான் எட்டுவரை வந்திருந்தேன். அதற்கே தலைக்கனம்.

போனது உலு லங்காட்டில் உள்ள நுவாங் மலைக்கு. உயரம் 1,493 மீட்டர். கினபாலு ஏறப் போகிறவர்கள் பலர் இங்கேதான் ஒத்திகை பார்க்கிறார்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். பங்சூனிலிருந்து உச்சிவரை 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உயரத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் தனியாகப் போய்விடும். அந்தக் கணக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

செங்குத்தில் யாரும் ஓடுவதில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அடியைச் சின்னதாக வைத்து, கைகளால் தொடையை அழுத்தி அழுத்தி ஏறுகிறார்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக வந்தால் குறைக்க வேண்டும். பையன் இதைச் சொல்லிக்கொண்டேதான் போனான். நான் பேசாமலே ஏறினேன். பேசினால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடுமே.

லோலோ முகாம் தாண்டி, பச்சாட் முகாமுக்குக் கொஞ்சம் கீழே. பச்சாட் என்றால் அட்டை. காலைக் குனிந்து பார்த்தேன், பார்வை மங்கியது. கை நடுங்கியது. உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. “என்ன மாமா?” என்றதற்கு வாய் குழறியது.

எனக்கு இனிப்புநீர் இருக்கிறது. ஐந்து வருடமாக மாத்திரை. அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, வயிறு லேசாக இருந்தால் வேகமாக ஏறலாம் என்று பசியாறவில்லை. பையில் தண்ணீர் மட்டும். பையன் என்னை வேரில் உட்கார வைத்துத் தன்னிடமிருந்த இனிப்பு பானத்தைக் குடிக்க வைத்தான். கால் மணி நேரம் கழித்து வாழைப்பழம். நடுக்கம் நின்றதும், “இறங்கலாம்” என்றான். உச்சியைக் கேட்கவே இல்லை. அவனுக்கு இருபத்து நான்கு வயது.

மறுவாரம் கிளினிக்கில் டாக்டர் சத்தம் போட்டார். சர்க்கரையை இறக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். சிலதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உழைத்தால் இப்படித்தான் ஆகுமாம். என் மாத்திரையை மாற்றியிருக்கிறார். மலை ஏறக் கூடாது என்று சொல்லவில்லை. ஏறுமுன் சாப்பிடு, சர்க்கரையைச் சோதி, பையில் இனிப்பு வை, தனியாகப் போகாதே என்றார். உங்களில் மாத்திரை போடுகிறவர்கள் உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மறுபடி பத்துமலை. இட்லி சாப்பிட்டுவிட்டு நான்கு தடவை, முழு வாக்கியம் பேசிக்கொண்டே. நுவாங் நிலவரத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மனைவி ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்.