பியூஸ் வீட்டைக் காக்கும். உயிரைக் காப்பது எது?

தேர்த் திருவிழா என்றால், தேரோடும் வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வடம் பிடிப்பார்கள். ஆடிப்பூரத் தேருக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பக்கத்து ஊரான ராஜபாளையம் ஆலை நகரம். 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லை நிறுவினார். பின்னர் ஆலைகள் பெருகின. ஆலை எந்திரங்களுக்கு 'எர்த்' கம்பி கட்டாயம். அது இல்லாமல் எந்திரத்தை ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

வீதியில் கவனம் இருக்கிறது. ஆலையில் கவனம் இருக்கிறது. ஆனால் வீட்டில்?

ஆலையில் வேலை முடித்து வரும் தொழிலாளி, எர்த் இல்லாத வீட்டுக்குள் நுழைகிறார். அவர் மனைவி ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறார். குழந்தை வெறுங்காலோடு பிரிட்ஜைத் திறக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். இது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு.

பழைய வீடு, புதிய சாமான்கள்

இரு ஊர்களிலும் பழைய வீடுகள் ஏராளம். கட்டும்போது நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ இவற்றுக்காகப் போட்ட கம்பிகள் அவை. பிறகு சாமான்கள் வந்து குவிந்தன. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களின் பாரம் குறைந்தது. நல்ல காரியம்தான். ஆனால் சுவருக்குள் இருக்கும் கம்பி மட்டும் பல வீடுகளில் பழையபடியே இருக்கிறது.

மூன்று கால் பிளக்கை இரண்டு துளை பிளக்கில் மாட்டுவதற்காக, மூன்றாவது காலை ஒடித்து விடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாத கால் அல்ல. உயிர் காக்கும் கால். அதுதான் எர்த். மற்ற இரண்டையும்விட அது நீளமாக இருப்பது ஏன்? மாட்டும்போது முதலில் தொடவும், கழற்றும்போது கடைசியில் விடவும்தான்.

பியூஸ் ஏன் போதாது?

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது. பிறகு என்ன பயம்?" என்று பலர் கேட்பார்கள்.

பியூசும் எம்.சி.பி.யும் காப்பது கம்பியைத்தான். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் அவை தடுக்கும். மனிதன் ஷாக் அடித்துத் துடிக்கும்போது அவை பேசாமல் இருந்துவிடும்!

காரணம் எளிது. ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதில் பாதிகூட வேண்டாம். மனித உடம்பில் பாய்ந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 6,000 மில்லி ஆம்பியர் வரை தாராளமாக விடும். உயிர் போகும் அளவு அதன் கண்ணுக்கே தெரியாது.

அந்தச் சிறிய அளவைக் கண்டுபிடிக்கும் கருவிதான் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாக, பூமிக்குப் போகிறது என்று பொருள். கருவி உடனே, கண் இமைக்கும் நேரத்தில், மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்குங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகளும் வீடுகளுக்கு இந்த அளவைத்தான் உச்சமாகச் சொல்கின்றன. 100, 300 என்று எழுதியிருப்பது உயிர் காக்க உதவாது.

விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். ஒரு நல்ல மிக்சியின் விலைகூட இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்.சி.சி.பி. வந்ததும் எம்.சி.பி.யை எடுத்துவிடக்கூடாது. இது ஆளைக் காக்கும். அது கம்பியைக் காக்கும். இரண்டும் வேண்டும். ஒரு கையில் பேஸ் கம்பியும் மறுகையில் நியூட்ரல் கம்பியும் பிடித்தால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே கவனம் எப்போதும் தேவை.

எந்த இடத்துக்கு எந்தக் கம்பி?

விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை மாட்டும் 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 வேண்டும். ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 போடுவது நல்லது. 2,000 வாட் கீசர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும்.

கம்பிச் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது காவல்காரனின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

கோடையில் தண்ணீர், மழையில் எச்சரிக்கை

எர்த் குழியில் ஈரம் இருந்தால்தான் மின்சாரம் மண்ணில் இறங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்துவிடும். அப்போது குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐப்பசி மழையில் சுவர் ஊறினால், ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழலாம். "தொந்தரவு" என்று அதைக் கழற்றி எறியாதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. எதையும் மாட்டாமலே விழுந்தால் சுவருக்குள் கோளாறு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கருவியில் 'டி' என்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழுந்தால் கருவி நலம். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். தெருக்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் கடமை

வாடகை வீட்டில் இருப்பவர் சுவரை உடைக்க முடியாது. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் போட்டுத் தருவது வீட்டுக்காரரின் கடமை. கதவுக்குப் பூட்டு இல்லாத வீட்டை யாராவது வாடகைக்கு விடுவார்களா? இதுவும் அப்படித்தான். குடிவருகிறவர்கள், முன்பணம் பேசும்போதே "எர்த் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் எல்லா வீட்டிலும் வந்துவிடும்.

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்சுக்கும் வண்ணத்துக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பியில் மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு!

அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் புதிய சாமான் வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் மீட்டர் பெட்டிப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். 'டி' பொத்தான் இல்லையா? அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது அதுதான். மற்றவை எல்லாம் பிறகு.