காளானுக்கும் வெளிச்சம் வேண்டும்

காளான் இருட்டில் வளரும் பயிர் என்பது பலர் மனத்தில் ஊறிப்போன கருத்து. மொட்டுக் காளானை இருட்டறையில் வளர்ப்பதைப் பார்த்து எழுந்த எண்ணம் இது. மொட்டுக் காளானுக்கு இது பொருந்தும். சிப்பிக் காளானுக்குப் பாதிதான் பொருந்தும்.

வித்திட்ட படுக்கையில் வெண்ணிறப் பூசண இழை வைக்கோல் முழுவதும் பரவ 15 முதல் 20 நாள் ஆகும். அதுவரை இருட்டறையே ஏற்றது. அதன்பின் மொட்டு விட்டுக் குடை விரிய ஒளி தேவை. அப்போதும் இருட்டிலேயே வைத்தால் மொட்டு சரிவரக் கட்டாது. கட்டினாலும் தண்டு நீண்டு, குடை சிறுத்துவிடும். அத்தகைய காளான் சந்தையில் விலை போகாது.

பச்சையம் இல்லாத காளானுக்கு ஒளி எதற்கு? ஒளி அதற்கு உணவன்று, கட்டளை. நீல ஒளியை உணரும் புரதம் பூசணத்தில் உண்டு. ஒளி பட்டதும் அப்புரதம் உறங்கிக் கிடக்கும் மரபணுக்களை இயங்கச் செய்கிறது. நியூரோஸ்போரா என்னும் ரொட்டிப் பூசணத்தில் 2002இல் இது உறுதியானது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005இல் குடைக்காளான் ஒன்றில் இதையொத்த மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு பழுதுபட்ட காளான், வெளிச்சத்தில் வைத்தாலும் இருட்டில் வளர்ந்ததுபோலவே தண்டு நீண்டு நின்றது.

குடிலை இறுக மூடி வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. காளான் விடும் கரியமிலவாயு உள்ளேயே தேங்கும். அதனாலும் தண்டு நீளும். நேர் வெயில் படாத, வலையடித்த ஜன்னல் இரு குறைகளையும் போக்கும். நாளொன்றுக்கு 8 முதல் 12 மணி நேரம், சுமார் 200 லக்ஸ் ஒளி, அதாவது செய்தித்தாளைச் சிரமமின்றிப் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். ஜன்னலுக்கு வழியில்லாவிடில் டியூப் லைட் போடலாம். வெயில் நேரே பட்டால் படுக்கை காய்ந்துவிடும்.

காளான் பயிற்சிகளில் வித்து, வைக்கோல் பதப்படுத்துதல், ஈரப்பதம் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை ஒளிக்கும் தர வேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகளும் குடிலின் வரைபடத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கடன் வாங்கிக் குடில் போட்ட பெண், குடை விரியாத காளானைக் கண்டு வித்தின் மேல் பழி போட்டுத் தொழிலையே கைவிடும் நிலை வரக்கூடாது. மற்ற இடுபொருள்களுக்கெல்லாம் காசு வேண்டும்; பகல் வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.