கடையின் தேதிகள் யார் கையில்?

வணிகத்தில் சரக்குக்கும் பணத்துக்கும் அடுத்தபடியாக நாம் காக்க வேண்டியது தேதி. மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. காசோலையின் ஆயுள் 2012 ஏப்ரல் 1 முதல் 3 மாதம்தான். பணமின்றிக் காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குக்கு வழியுண்டு. தேதி தவறினால் நஷ்டம் நமக்குத்தான்.

முன்பெல்லாம் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரும் கணக்குப்பிள்ளையின் டைரியும் இதற்குப் போதும். இன்று கடை ஓரிடம், கிடங்கு ஓரிடம், ஆடிட்டர் அலுவலகம் வேறிடம். எனவே எல்லோரும் செல்போனிலேயே பார்க்கும் இணையக் காலண்டருக்கு நம் உறுப்பினர்கள் மாறி வருகின்றனர். இதை வரவேற்கிறோம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் நமக்குக் கவலையளிக்கிறது.

நாம் அறிந்த ஒரு மொத்தக் கடையில், கணக்கு எழுதும் தம்பி தன் சொந்த மின்னஞ்சல் முகவரியில் காலண்டரைத் தொடங்கி முதலாளிக்கும் காட்டி வந்தார். அவர் வேலையை விட்டுச் சென்று அந்த முகவரியை நீக்கியதும், வசூல் தேதிகள் அத்தனையும் முதலாளியின் போனிலிருந்து மறைந்தன. தம்பி மீது குற்றமில்லை. கடையின் சொத்தை அவர் பெயரில் வைத்தது நம் குற்றம்.

ஆகவே கூகுளா, மைக்ரோசாப்டா, ஆப்பிளா என்று விவாதிக்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, கடையின் பெயரில் தனி மின்னஞ்சல் முகவரி வேண்டும். காலண்டர் அதில்தான் தொடங்கப்பட வேண்டும். கடவுச்சொல் முதலாளியிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி. கூகுள் காலண்டரில் இது உண்டு. வசூல், காசோலைத் தேதிகளை ஒரு காலண்டரிலும், லாரி வரும் நாள், விடுமுறை நாட்களை மற்றொன்றிலும் வைக்கலாம். எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்பது கிடங்குப் பையனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, இணைப்பு முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பகிர்ந்துவிட்டதாக நினைக்கலாகாது. அந்த முகவரி யார் கைக்குப் போனாலும் அவர் பார்க்கலாம். அத்துடன், அப்படிச் சேர்த்த காலண்டரில் நாம் செய்யும் மாற்றம் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். காலையில் மாற்றிய லோடு மாலைவரை பழைய தேதியிலேயே நிற்கும். பெயர் குறிப்பிட்டு, அவரவர் மின்னஞ்சலுக்குப் பகிர்வதே முறை.

நான்காவதுதான் மிக முக்கியம்: வெளியேறும் வழி. 1998இல் உருவான ஐகாலண்டர் என்ற பொது வடிவம் இருக்கிறது. அந்த வடிவில் நம் தேதிகளை இறக்கி எடுக்க முடிந்தால் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். சன்ரைஸ் என்ற காலண்டர் செயலி நல்ல பெயர் பெற்றிருந்தது. 2015இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கி, 2016இல் மூடிவிட்டது. பெரிய நிறுவனம் என்பது நிரந்தரத்துக்கு உத்தரவாதமல்ல. தேதிகளை இறக்கி எடுக்க வழியில்லாத செயலி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே நமது கருத்து.

உறுப்பினர்கள் முதலில் ஒரு மாதம் ஒரே ஒரு காலண்டரைச் சோதித்துப் பார்க்கட்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வருகிறதா, சிக்னல் கிடைக்காத கிடங்கிலும் திறக்கிறதா என்று கவனிக்கட்டும். மாதக் கடைசியில் ஒரு நகலை இறக்கிக் கடைக் கம்ப்யூட்டரில் வைக்கட்டும். அதுவரை கல்லாவுக்கு மேலுள்ள காலண்டரைக் கழற்ற வேண்டாம்.

கல்லாச் சாவியை நாம் பிறரிடம் விட்டுவைப்பதில்லை. தேதிகளையும் அப்படியே காப்போம்.