ஊர்க் கணக்கும் ஆராய்ச்சிப் புஸ்தகமும்

செங்கற்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாபினிடமிருந்து 1763-ல் ஜாகீராகப் பெற்ற கம்பெனியார், அதன் நிலையை அறியும்பொருட்டு 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்ட் என்னும் இஞ்சினியரைக் கொண்டு அளவை நடத்தினார்கள். ஏறக்குறைய 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடு, விளைவு ஆகியவற்றின் விவரங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றிற்கெல்லாம் ஆதாரமாயிருந்தவை கணக்குப்பிள்ளைகள் தமிழில் பனையோலையில் எழுதிவந்த ஊர்க் கணக்குகளே. சுருக்கம் மாத்திரம் இங்கிலீஷில் எழுதப்பட்டுச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அடங்கிற்று. விவரம் கொடுத்த ஊராருக்கு அதனால் விளைந்த பிரயோஜனம் யாது?

இக்கேள்விக்கு மயிலாப்பூரில் ஒருவாறு விடை கிடைத்தது. அங்கே ஏற்பட்ட ‘ஸெண்டர் பார் பாலிஸி ஸ்டடீஸ்’ என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்ரீ ஜே. கே. பஜாஜ், ஸ்ரீ எம். டி. ஸ்ரீநிவாஸ் முதலியோர் இக்கணக்குகளைப் பல வருஷங்கள் ஆராய்ந்தனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று சேர்ந்திருந்த ஓலைகள் படிக்கப்பட்டன. திருப்போரூர், வடக்குப்பட்டு என்னும் இரண்டு ஊர்களின் கணக்குகள் 2001-ல் புஸ்தகமாக அச்சேறின. வித்துவான்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கட்டுரைகளோடு நின்றுவிடாமல், மூலக் கணக்கையே அச்சில் ஏற்றியது பாராட்டத்தக்கது.

அக்கணக்குகளில் மிராசுதார்கள் ஊன்றிப் பார்க்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. களத்தில் நெல்லை அளந்து சர்க்காருக்கும் குடிகளுக்கும் வாரம் பிரிக்குமுன்னரே, பொது விளைவிலிருந்து பலருக்கும் பங்கு எடுக்கப்பட்டது. கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சன், கொல்லன், நாவிதன், வண்ணான், வெட்டியான் ஆகியோருக்கு இவ்வளவு என்று மரக்கால் கணக்கில் எழுதியிருக்கிறது. மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கியது இதுவே. இதனுடன் மானிய நிலங்களும் உண்டு. அக்காலத்தில் எல்லாம் நன்றாயிருந்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. உழைத்தவர் எல்லோருக்கும் நியாயமான பங்கு கிடைத்ததென்றும் கொள்ளலாகாது. ஆனால் ஏரிக்கென்று விளைச்சலிலேயே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது என்பது, இன்று ஏரி மதகு பழுதாகும்போதெல்லாம் மனுப் போட்டுக் காத்திருக்கும் ஆயக்கட்டுதாரர்கள் யோசிக்கவேண்டிய விஷயம். பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கும்பொருட்டு 2000-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் ஏற்பட்டன. அச்சங்கங்கள் சந்தா விஷயமாகத் தர்க்கம் செய்யும் கூட்டத்தில், இவ்வூர்க் கணக்கின் ஒரு பக்கத்தை வாசித்தால், அதிகாரிகள் செய்யும் பிரசங்கத்தைவிட அதிகப் பலன் உண்டாகும்.

அவ்வாறு வாசிக்கத் தகுந்ததாக அந்தப் பக்கம் இருக்கவேண்டுமே! இங்கேதான் வித்துவான்கள் பேரில் குறை சொல்லவேண்டியிருக்கிறது. கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதும், ஒரு காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர் என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. மரக்காலின் அளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகையால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று இக்காலக் கணக்கில் மாற்றிக் காட்டாத ஆராய்ச்சி, குடியானவனுக்குப் பாதி வழியில் நின்றுவிட்ட வண்டி போன்றதே. எளிய தமிழில் எழுதினால் ஆராய்ச்சியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் விவசாயக் கலாசாலைக்கு மூலமான பள்ளிக்கூடம் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-ல் கோவைக்கு மாற்றப்பட்டது. அங்கும் சாஸ்திரம் நெடுங்காலம் இங்கிலீஷிலேயே போதிக்கப்பட்டது. அப்பழக்கம் இன்னும் முற்றும் விட்டபாடில்லை.

இதற்கு மாறாகக் கோட்டூர்புரத்தில் 1995-ல் ஏற்பட்ட ‘ஸெண்டர் பார் இண்டியன் நாலெட்ஜ் ஸிஸ்டம்ஸ்’ என்னும் ஸ்தாபனத்தார் செய்துவரும் வேலையைச் சொல்லலாம். விருக்ஷாயுர்வேதம் முதலிய பழைய சாஸ்திரங்களையும், பழைய நெல் வகைகளையும், பூச்சிகளைத் தடுக்கும் முறைகளையும் ஆராய்ந்து, சிறு பிரசுரங்களாகத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறார்கள். சீர்காழிப் பக்கத்துக் குடியானவர்களின் வயல்களிலும் வேலை செய்திருக்கிறார்கள். ஏட்டில் கண்டதை வயலிலும் பார்த்து எழுதுவதால், குடியானவர்கள் இப்பிரசுரங்களை நம்பி எடுத்துப் படிக்கலாம். ஆயினும், எந்த முறையையும் முதலில் பத்து சென்டில் பரீக்ஷித்த பின்னரே முழு வயலில் கையாளுதல் உசிதம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் உத்தியோகங்கள் 1980-ல் எடுபட்டபோது, பழைய கணக்குகள் பல அந்தந்தக் குடும்பங்களின் பரணிலேயே தங்கிவிட்டன. செல்லரித்த ஓலையைத் தீயிலிடுவதும், ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடுவதும் புண்ணியமென்று கருதினவர்களால் எவ்வளவு சுவடிகள் அழிந்தன என்பதை மஹாமஹோபாத்தியாய சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரால் 1943-ல் அடையாற்றில் ஸ்தாபிக்கப்பட்ட நூல் நிலையம் இப்பொழுது பெஸன்ட் நகரில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் சரகத்துப் பழைய கர்ணக் குடும்பங்களை விசாரித்து, ஓலையோ, காகிதக் கணக்கோ இருப்பின், அத்தகைய நூல் நிலையத்திற்காவது தஞ்சைப் பல்கலைக்கழகத்திற்காவது எழுதித் தெரிவிக்கலாம். கொடுக்க மனமில்லாதவர்கள் நகல் எடுக்கவாவது இசையலாம். அவ்வாறு கொடுக்கும்போது, படித்து அச்சிடும் புஸ்தகத்தில் இரண்டு பிரதி தங்கள் ஊர் நூலகத்திற்கு இனாமாக வரவேண்டுமென்று எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது முறையாகும். திருப்போரூருக்கும் வடக்குப்பட்டுக்கும் அந்தப் பாத்தியதை முதலாவதாக உண்டு.